பாப்பா போட்ட கோடு

எங்கள் அண்ணியை நான் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. உறவில் அவள் என் அண்ணன் மனைவி, ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே வயது. அதனால் நீ, வா, போதான். அந்தப் பட்டத்துக்கு அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் பிழைப்பு ஒட்டுப்போர்வை. வீட்டின் முன் அறையில் என் தையல் மெஷின். துண்டுத் துணிகளை வெட்டி, சேர்த்து, மேல்துணியாகத் தைப்பது என் வேலை. உள் அறை முழுக்க அவளுடைய பெரிய மெஷின். பன்னிரண்டடி நீளச் சட்டம், கட்டில் போட இடமில்லாமல் அந்தச் சட்டத்துக்கு அடியிலேயே பாய் விரித்துப் படுப்பாள். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சை விரித்து, மூன்றும் நழுவாமல் பிடித்துக்கொள்ளும்படி மேலே தையல் ஓட்டுவது அவள் வேலை. அந்தத் தையலை எப்படியும் ஓட்டலாம். கட்டம் கட்டமாக, அலை அலையாக, இலையும் கொடியுமாக. எதை ஓட்டுவது என்பதில்தான் போர்வையின் தலையெழுத்தே இருக்கிறது.

வாடிக்கையாளர்கள் மேல்துணியைக் கொண்டுவந்து விரிப்பார்கள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவாள்.

"இதுக்கு அலை."

"எனக்குப் பூப்பூவா வேணும்னு ஆசைங்க."

"துணியிலேயே பூ இருக்கு. பூ மேல பூ போட்டா ரெண்டும் தெரியாது. அலைதான்."

அவ்வளவுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. முணுமுணுத்துக்கொண்டு போனவர்கள் போர்வையை வாங்கும்போது வாயெல்லாம் பல்லாக நிற்பார்கள். அவள் சொன்னது தப்பாகப் போய் நான் பார்த்ததில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

கொஞ்ச வருஷமாக எல்லோருக்கும் பழைய காலத்துப் போர்வை மாதிரி வேண்டும். புதுத்துணியையே மங்கலாக அச்சடித்து விற்கிறார்கள். அதை வாங்கித் தைத்து, சுடுநீரில் ஒரு அலசு அலசினால், சுருங்கிப் போய் நாற்பது வருஷம் போர்த்தின மாதிரி ஆகிவிடும். மனுஷனுக்கு வயசானால் மூஞ்சியைச் சுளிக்கிறார்கள், போர்வைக்கு மட்டும் வயசாக வேண்டுமாம். பழசு மாதிரி வேண்டும் என்று யார் வந்தாலும் அண்ணி போடுவது விசிறி. ஒரு மூலையிலிருந்து கிளம்பி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய அரைவட்டங்கள், பக்கத்தில் அடுத்த விசிறி, அதற்குப் பக்கத்தில் அடுத்தது. அதில் அவளுக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

பாப்பாவும் பழசு மாதிரிதான் கேட்டாள்.

பாப்பா என்றால் அண்ணியின் மகள். இருபத்தேழு வயது, ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டு பிளான் வரைகிற வேலை, இருந்தாலும் எங்களுக்குப் பாப்பாதான். என் அண்ணன் இறந்த வருஷம் அவளுக்குப் பத்து வயது. பெரியவன், அதாவது அவளுடைய அண்ணன், வளர்ந்து கப்பல் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் மூன்று பேர். இருபத்தைந்தில் பாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். அதுவரை ஒரு காய்ச்சல் தலைவலிக்குக்கூடப் படுக்காத பிள்ளை. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுவார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம்.

அந்த அறை எப்போதும் குளிரும். ரத்தம் வெளியே போய் வருவதால் உடம்புக்குள்ளேயே ஒரு குளிர் வேறு எடுக்கும் என்பாள். ஆஸ்பத்திரிப் போர்வை மருந்து நாற்றமடிக்கும், போர்த்தினாலும் ஒன்றுதான் போர்த்தாவிட்டாலும் ஒன்றுதான்.

"அத்தை, எனக்குன்னு ஒண்ணு தைப்போமா?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டாள்.

மேல்துணி தைக்க நாலு மாதமாயிற்று. துண்டுகளை அவளே பொறுக்கினாள். செங்கல் சிவப்பு, சோர்ந்த பச்சை, டீக்கறை நிறம், சின்னக் கட்டம் போட்ட நீலம். ஆஸ்பத்திரி போகாத நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக் கொடுப்பாள். சில நாள் ஐந்து துண்டு அடுக்குவதற்குள் களைத்து, துணிக்குவியல் மேலேயே தலையைச் சாய்த்துவிடுவாள். நான் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

இனி என்ன தையல் போடுவது என்ற கேள்வி வந்தது. அண்ணி சட்டத்தில் கை வைத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"விசிறி."

"வேண்டாம்மா. நானே வரையறேன்."

"நீ வீட்டுக்கு வரைவே. போர்வைக்கு நான்தான்."

"என் போர்வைம்மா."

வீட்டில் அப்படி யாரும் ஜட்ஜம்மாவை எதிர்த்துப் பேசியதில்லை. பாப்பா ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கோடு. ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, போர்வை முழுக்கச் சுற்றி வளைந்து, எங்கேயும் அறுபடாமல் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருகிற கோடு. அண்ணிக்கு அது கோழி கிளறின மாதிரி இருந்தது.

ஏன் அந்தக் கோடு என்று எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் டயாலிசிஸுக்கு நான் துணைக்குப் போயிருந்தபோது சொன்னாள்.

"இடது கையை அசைக்கக் கூடாது அத்தை. தூக்கமும் வராது. புஸ்தகம் பிடிச்சா வலது கை கடுக்குது. எதிர்ல இருக்கிற பெரியவரைப் பார்த்தா பயமா இருக்கு, போன மாசம் அவருக்குப் பக்கத்துப் படுக்கைல ஒருத்தர் அப்படியே போயிட்டார். கண்ணை மூடிக்கிட்டு, விரலை அந்தத் தையல் மேல வச்சு, எடுக்காம போயிட்டே இருக்கணும். ஒரு தடவை சுத்தி வந்தா இருபது நிமிஷம் ஆகிற மாதிரி வரையப் போறேன். பன்னிரண்டு தடவை சுத்தினா வீட்டுக்கு வந்திடலாம்."

அதைச் சொல்லும்போது சிரித்தாள். இதை அவளே அம்மாவிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வாள்?

கடைசியில் அண்ணி இறங்கி வந்தாள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "சரி, வரை பார்க்கலாம்" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் தொழிலில் துணியில் கோடு போட மூன்று வழி. சுண்ணாம்புக் கட்டி, தண்ணீரில் போகிற பேனா, சூட்டில் மறைகிற பேனா. மூன்றாவதுதான் புதுசு. வரைந்து, மேலே இஸ்திரிப் பெட்டியை ஒரு இழு இழுத்தால் கோடு போன இடம் தெரியாது. அது வாங்கின அட்டையின் பின்னால், கடுங்குளிரில் வைத்தால் கோடு திரும்ப வரும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. யார் போர்வையைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள் என்று நான்தான் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். அண்ணி பாப்பாவுக்குக் கொடுத்தது அந்த நீலப் பேனா. வேண்டுமென்றேதான் கொடுத்தாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தரையில் மேல்துணியை விரித்து, மண்டி போட்டு பாப்பா வரைந்தாள். பிளான் வரைகிற கை. ஆனால் அந்தக் கையில் அப்போது பழைய பிடி இல்லை. நேராகப் போகும் கோடு ஒரு இடத்தில் சிலிர்த்துக்கொண்ட மாதிரி நடுங்கும், மறுபடி சமாளித்துப் போகும். முடித்ததும் எழுந்திருக்க முடியாமல் நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

"ஒரு இடத்துலகூடப் பேனாவை எடுக்கலை" என்றாள்.

மறுநாள் காலை அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தேன். உள் அறையில் இஸ்திரிப் பெட்டி சூடாகும் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். மேசை மேல் பாப்பாவின் துணி. அண்ணி ஒரு ஓரத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். பாதிக் கோடு ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"என்ன அண்ணி பண்றே?"

"பார்த்தா தெரியலையா?"

"அவ எதுக்கு அப்படிக் கேட்டான்னா..."

"எனக்குத் தெரியும். என்னை எதிர்த்து நிக்கணும், அதுக்குத்தான்." பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் கண் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "நீயே பாரு. கை நடுங்கின இடமெல்லாம் அப்படியே தெரியுது. இங்க பாரு, இங்க, இங்க. இதை நான் ஊசியால குத்திக் குத்தி நிரந்தரமாக்கணுமா? நாளைக்குக் குணமாகி எழுந்து வருவா. ஒரு கல்யாணம் காட்சி ஆகும். இந்தப் போர்வையைப் பார்க்கிறவங்க, உடம்பு முடியாத பொண்ணு போட்ட கோடுன்னு சொல்லணுமா? என்னால முடியாது."

நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷப் பேச்சு. அது தடவுவதற்காகப் போட்ட கோடு, பார்ப்பதற்காக இல்லை, அவள் அங்கே பயந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்று. சொல்லவில்லை. மாதக்கணக்கில் இந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் பஞ்சு மாதிரி கிடந்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. இன்னொரு சண்டையை யார் தாங்குவது என்று முன் அறைக்கு வந்து என் மெஷினை மிதித்தேன். அண்ணியைக் குற்றவாளியாக்க எனக்கு வாய் இல்லை. இஸ்திரிப் பெட்டி அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலே நாளில் விசிறி போட்டு முடித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் கைவேலையிலேயே அதுதான் உச்சம். ஒரு வளைவு இன்னொன்றிலிருந்து நூல் பிசகவில்லை. பாப்பாவின் கட்டிலில் விரித்து வைத்தோம். பாப்பா வந்தாள், பார்த்தாள், குனிந்து ஒரு விசிறியின் மேல் விரலை வைத்தாள். விரல் அரைவட்டம் போய் அடுத்த விசிறியில் முட்டி நின்றது.

சண்டை வரும் என்று நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா இருக்கும்மா" என்றாள்.

அண்ணி என்னைப் பார்த்து, பார்த்தாயா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. பாப்பா எதற்குமே இனிமேல் சண்டை போட மாட்டாள் என்று ஏனோ தோன்றியது. அப்படித்தான் ஆயிற்று.

ஐந்து மாதம் அதைத்தான் போர்த்தினாள். நான் துணைக்குப் போகிற நாட்களில் அவள் வலது கையைப் பார்ப்பேன். முதலில் கொஞ்ச நாள் விரல் ஒரு வளைவில் ஏறி இறங்கும், முட்டும், எடுத்து அடுத்ததில் வைப்பாள், அதுவும் முட்டும். பிறகு அதையும் விட்டுவிட்டாள். கை சும்மா கிடக்கும், கண் மட்டும் எதிர்ப் படுக்கையில் இருக்கும். ஒரே ஒரு தடவை கேட்டேன், "அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, பிரிச்சுத் தைக்கச் சொல்லி?"

"வேண்டாம் அத்தை. அவங்க ஆசையாப் போட்டிருக்காங்க. பிரிச்சா ஓட்டை ஓட்டையா நிக்கும்."

ஆறாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் அவளுக்கு இதயம் நின்றுவிட்டது. அன்றைக்கு அண்ணிதான் துணை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை உள்ளே கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி போர்வையை பாப்பாவின் கழுத்துவரை இழுத்து, ஓரங்களைச் செருகிக்கொண்டிருந்தாள்.

பெரியவனுடைய கப்பல் நடுக்கடலில் இருந்தது. கரைக்கு வந்து விமானம் ஏறி வர ஆறு நாளாகும் என்றான். "நான் வராம எதுவும் செஞ்சிடாதீங்க" என்று போனில் கதறினான். பிணவறைக்காரர் நல்ல மனுஷர். ஆறு நாளென்றால் சாதாரணப் பெட்டி தாங்காது, உறையவைக்கிற பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று எங்களுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். அண்ணி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போர்வை அவ மேலயே இருக்கட்டும். அவளுக்குக் குளிர் ஆகாது."

"அம்மா, உள்ள அதெல்லாம் வைக்கிறதில்லைம்மா."

"அவளுக்குக் குளிர் ஆகாதுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கதவோரம் நின்றாள். கடைசியில் அவர் மனசு கேட்காமல் போர்வையோடு பெட்டியை உள்ளே தள்ளினார்.

ஏழாம் நாள் காலை பெரியவன் வந்துவிட்டான். மூன்று பேரும் போனோம். பெட்டியை இழுத்தார்கள். வெள்ளைப் புகை மாதிரி குளிர் கிளம்பி அடங்கியது. போர்வை பலகையாக விறைத்திருந்தது. முகத்தைப் பார்த்து பெரியவன் சுவரில் சாய்ந்துவிட்டான். நான் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் போர்வையைப் பார்த்தேன்.

அதன் மேல் ஒரு நீலக் கோடு இருந்தது.

விசிறிகளுக்குக் குறுக்கே, அவற்றைச் சட்டையே செய்யாமல், வலது ஓரத்தில் புறப்பட்டு, செங்கல் சிவப்பில் ஏறி, டீக்கறைத் துண்டைச் சுற்றி, போர்வை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. மங்கல்தான். ஆனால் ஒரு அங்குலம் விட்டுப்போகவில்லை. நடுக்கம் உட்பட அப்படியே வந்திருந்தது.

எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம் வாயில் முந்திக்கொண்டு வந்தது. "அண்ணி, கோடு வந்திருக்கு. ஆளுங்க வர்றதுக்குள்ள இஸ்திரி போட்டுடலாமா?" என்று கேட்டேன். கேட்ட நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.

அண்ணிக்கு அது காதில் விழவில்லை. கோடு புறப்படும் இடத்தில், பாப்பாவின் வலது கை இருக்கும் இடத்துக்கு மேலே, விரலை வைத்தாள். விரல் கோட்டின் மேலேயே போயிற்று. கோடு அந்தப் பக்கம் போனபோது பெட்டியைச் சுற்றி அவளும் நடந்தாள். நடுக்கம் வந்த இடங்களில் விரலும் மெதுவாகப் போயிற்று. பிணவறைக்காரர் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார். பெரியவன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். அவள் ஒரு முழுச் சுற்று வந்து, ஆரம்பித்த இடத்திலேயே நின்றாள். விரல் நுனி குளிரில் வெளுத்திருந்தது.

"எங்கயும் எடுக்கவே வேண்டியதில்ல" என்றாள் என்னைப் பார்த்து. "எதுக்குடி இப்படி வரைஞ்சா?"

அப்போது சொன்னேன். நாலு மணி நேரம், எதிர்ப் படுக்கை, கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தபடி போவது, பன்னிரண்டு சுற்று, வீடு. எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

அவள் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தலையை மட்டும் ஆட்டினாள்.

அங்கிருந்து நேராக மின்மயானம். வண்டியிலும் போர்வை பாப்பாவின் மேல்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பு இளகி, உடம்போடு படிய ஆரம்பித்தது. கோடு போகவில்லை. உள்ளே கொண்டுபோய் உலை வாசலில் தள்ளுபலகையில் வைத்தார்கள். கதவைத் தூக்கினதும் அனல் எங்கள் முகத்தில் அடித்தது.

அண்ணி சட்டென்று முன்னால் போய்ப் போர்வையின் இரண்டு மூலைகளையும் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, என்ன பண்றே?" பெரியவன் அவள் கையைப் பிடித்தான். "அதோடயே போகட்டும்மா. அவளுக்குக் குளிரும்னு நீதானே சொன்னே?"

"இனிமே அவளுக்குக் குளிராது" என்றாள். "இது சூடு பட்டா போயிடும்டா. மறுபடியும் போயிடும்."

அவனுக்குப் புரியவில்லை. அங்கே நின்ற யாருக்கும் புரியவில்லை. மகள் மேல் கிடந்ததை உருவுகிறாளே, இவளும் ஒரு தாயா என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் போய் இன்னொரு பக்கத்து மூலைகளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து, வேலை முடிந்த போர்வையை மடிக்கிற மாதிரியே, கோடு உள்பக்கம் வரும்படி நாலாக மடித்தோம். பாப்பாவை ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துணியோடு உள்ளே அனுப்பினார்கள்.

வெளியே வந்தால் உச்சி வெயில். வண்டி நிற்கும் இடத்துக்கு நூறடி நடக்க வேண்டும். அண்ணி போர்வையைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள். என் கைக்குடையைக் கேட்டு வாங்கி விரித்தாள். அதை அவள் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. பையின் மேல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.